முதியோர் இல்லத்தில் அம்மாவின் எடை ஆறு மாதத்தில் 5.5 கிலோ குறைந்திருக்கிறது. யாரிடம் என்ன கேட்பது?

நொய்யல்கரை எழுதியது:

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 78 வயது. கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டம், மாடு கன்று என்று இருந்தவர். அப்பா போன பிறகு இரண்டு வருடம் தனியாகவே சமாளித்தார். போன வருடம் வாசல்படியில் தடுக்கி விழுந்து இடது மணிக்கட்டு உடைந்தது. நான் சென்னையில், தம்பி புனேயில். நிறையப் பேசி, நிறைய அழுது, ஐப்பசியில் கோவைக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். மாதம் 24,000 ரூபாய், மருந்து தனி. இடம் சுத்தமாக இருக்கிறது, மரம் மட்டை இருக்கிறது, ஆட்களும் மோசமில்லை.

தை மாதம் இல்லத்து நோட்டில் எடை 51 கிலோ என்று எழுதியிருக்கிறார்கள். போன வாரம் கண் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது அங்கே ஏற்றி நிறுத்தினார்கள். 45.5. இரண்டும் வேறு வேறு தராசு, வித்தியாசம் இருக்கும்தான். ஆனால் ரவிக்கை தோளில் நிற்கவில்லை. வளையல் முழங்கை வரை ஏறி இறங்குகிறது. அதற்குத் தராசு எதற்கு? திரும்பி வந்து நோட்டைப் புரட்டினால் தைக்குப் பிறகு எடைக் கட்டம் எல்லாம் காலி. கேட்டதற்கு, "தராசுல பேட்டரி போயிடுச்சுங்க மேடம்" என்றார்கள்.

மேலாளர் என்னைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப்போய் மெனு பலகையைக் காட்டினார். குறை சொல்ல முடியாத பலகை. ஏழு நாளும் வேறு வேறு டிபன், மதியம் இரண்டு காய், வாரம் இரண்டு நாள் கீரை, ஞாயிறு பாயசம். "நாங்க எல்லாம் சரியாத்தான் போடறோம், அம்மாதான் சாப்பிடறதில்லை. வயசானா பசி குறையும்ல" என்றார். வாரம் ஒருமுறை வரும் டாக்டரும் உயரம் 150 சென்டிமீட்டர், எடை 45.5 என்று கணக்குப் போட்டு, பி.எம்.ஐ. 20, நார்மல் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கூடவே இருந்து அம்மா உண்மையில் சாப்பிட்டதைக் குறித்து வைத்தேன். காலை எட்டரைக்கு இரண்டு இட்லி, சாம்பார் தொட்டுக்கொள்ள மட்டும். பதினொரு மணிக்கு மோர், பாதி. மதியம் ஒரு கிண்ணம் சோறு, ரசம், இரண்டு கரண்டி மோர்ச்சோறு. பொரியல் அப்படியே இருந்தது. நாலு மணிக்கு டீ, இரண்டு மேரி பிஸ்கட். இரவு ஏழு மணிக்கு சப்பாத்தி குருமா. பாதி சப்பாத்தியைக் குருமாவில் ஊறப்போட்டுத் தின்றார். அவ்வளவுதான். தண்ணீர் நான் பார்த்து மொத்தமே மூன்று டம்ளர்.

சுகர் 14 வருடமாக இருக்கிறது. மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை, கிளிமிபிரைடு காலையில் ஒன்று, பிரஷர் மாத்திரை ஒன்று. மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம். "சூப்பர் கண்ட்ரோல்" என்று பாராட்டு வேறு. சுகரும் பிரஷரும் சேர்ந்து வந்ததால் உப்பு கம்மி, இனிப்பு இல்லை, நெய் இல்லை, வாழைப்பழம் இல்லை, இரவில் சோறு இல்லை.

அம்மாவைக் கேட்டால், "நல்லாத்தான் போடறாங்க கண்ணு, எனக்குத்தான் வேண்டியிருக்கல" என்கிறார்.

இது வயதா, இல்லை வேறு ஏதாவதா? சண்டை போட எனக்கு விருப்பமில்லை. நான் ரயில் ஏறிவிடுவேன், அம்மா அங்கேதான் இருந்தாக வேண்டும். அந்தப் பயத்தோடுதான் கேட்கிறேன்.

---

தராசு எழுதியது:

பத்தொன்பது வருடமாக டயட்டீஷியன் வேலை. இப்போது இரண்டு இல்லங்களுக்கு மாதம் ஒருமுறை போய் வருகிறேன். அதனால் அந்த மெனு பலகையை நான் பார்க்காமலே ஒப்பிப்பேன்.

முதலில் சாப்பாட்டை விடுங்கள், மாத்திரையைப் பாருங்கள். 51 கிலோவாக இருந்தபோது, மூன்று வேளையும் ஓரளவு சாப்பிட்டபோது எழுதிக்கொடுத்த கிளிமிபிரைடு அது. இப்போது எடையும் இல்லை, இரவுச் சாப்பாடும் பாதி சப்பாத்தி. அந்த மாத்திரை சாப்பாடு வந்ததா இல்லையா என்று பார்க்காது, இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்துபோனால் தூக்கத்திலேயே யாருக்கும் தெரியாது. இல்லை, கழிப்பறைக்கு எழுந்து விழுவார். பல நோய்கள் சேர்ந்த வயதானவர்களுக்கு மூன்று மாதச் சராசரி 8-க்குக் கீழே இருந்தாலே போதும் என்றுதான் இப்போது வைத்துக்கொள்கிறார்கள். எடை விழுந்துகொண்டிருக்கும்போது வரும் 6.1 எனக்கு நல்ல செய்தி இல்லை. நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஆனால் இந்த வாரமே ஒரு பொது மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை அதிகாலை 5 மணிக்கு இரண்டு மூன்று நாள் சுகர் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். 70-க்குக் கீழே போனால் அந்த வாரம் கூடக் காத்திருக்கக் கூடாது.

பி.எம்.ஐ. 20 நார்மல் என்பது அட்டவணைக்கு நார்மல். உங்கள் அம்மாவுக்கு இல்லை. அவருக்குப் பார்க்க வேண்டியது எத்தனை குறைந்தது, எத்தனை நாளில் என்பதுதான். 51-ல் 5.5 போனால் கிட்டத்தட்ட 11 சதவீதம். ஆறு மாதத்தில் 5 சதவீதம் குறைந்தாலே விசாரிக்க ஆரம்பிக்க வேண்டும். 10-ஐத் தாண்டினால் அது ஊட்டச்சத்துக் குறைபாடுதான், குண்டாக இருந்து இளைத்தவராக இருந்தாலும். தையல்காரர் டேப் ஒன்றை எடுத்துக் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றி அளந்து பாருங்கள். 31 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கரைவது கொழுப்பு மட்டும் இல்லை, தசையும்தான்.

காரணம் தேடாமல் சத்துமாவைக் கரைத்துக் கொடுக்காதீர்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், சோடியம், பி12 பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 குறைவது சகஜம், அந்த மாத்திரைக்கே பசியை மட்டுப்படுத்தும் குணமும் உண்டு. சிறுநீர்ப் பரிசோதனை. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று கட்டாயம். நம் ஊரில் சுகர் இருப்பவர் காரணமில்லாமல் இளைத்தால் காசநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளாமல் நான் அடுத்த பேச்சுக்குப் போக மாட்டேன். மனச்சோர்வையும் கேட்டுப்பாருங்கள். தோட்டத்தில் இருந்தவர், இல்லையா?

அப்புறம் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. நல்லவேளை எழுதிவைத்தீர்கள், மகன்களும் மகள்களும் பெரும்பாலும் "சரியாவே சாப்பிடறதில்லை" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். இட்லிக்கு 2 கிராம் புரதம் என்று வைத்து, சோறு, மோர், டீயில் இருக்கும் பால், பாதி சப்பாத்தி எல்லாம் கூட்டினால் 20 கிராமைத் தாண்டாது. அவருக்கு வேண்டியது கிலோவுக்கு ஒரு கிராமாவது, இளைத்துக்கொண்டிருப்பதால் இன்னும் கொஞ்சம் கூட. அதாவது 50-ஐ ஒட்டி. பாதி கூட உள்ளே போகவில்லை. கிரியாட்டினின் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு இதை ஏற்றுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கணக்கே வேறு.

இன்னொன்றும் உங்கள் குறிப்பிலேயே இருக்கிறது. இரவு ஏழு மணி, மறுநாள் எட்டரை. பதின்மூன்றரை மணி நேரம் வெறும் வயிறு. அதுவும் சுகர் மாத்திரையோடு.

சப்பாத்தியை ஊறப்போட்டுத் தின்றார் என்றீர்களே, பல்செட்டா? எடை குறைந்தால் ஈறும் சுருங்கும், பல்செட் ஆடும். ஆடும் பல்செட்டோடு பொரியல் மெல்ல முடியாது. வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், ஈறில் புண் இருக்கும். சாப்பிடும்போது இருமல் வருகிறதா, தண்ணீர் குடித்ததும் குரல் கரகரப்பாகிறதா என்றும் கவனியுங்கள். வந்தால் அது விழுங்குவதில் இருக்கும் சிக்கல், அதற்குத் தனியாகக் காட்ட வேண்டும்.

---

கோட்டையடுப்பு எழுதியது:

நான் சமையல்காரன். எழுத்து சுமார்தான். திருச்சிப் பக்கம் ஒரு இல்லத்தில் 60 பேருக்குப் பதினொரு வருடம் சமைத்தேன். இப்போது கல்யாணச் சமையல்.

டயட்டீஷியன் அம்மா சொன்னதற்கு மேல் மருந்து விஷயம் எனக்குத் தெரியாது. சமையல்கட்டில் நடப்பதைச் சொல்கிறேன்.

பலகையைப் பார்க்காதீர்கள். கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் எச்சில் வாளி இருக்கும், அதைப் பாருங்கள். எங்கள் இடத்தில் ராத்திரி சப்பாத்தி போட்ட நாளெல்லாம் வாளி நிரம்பும். 60 பேருக்கு 150 சப்பாத்தி தேய்க்க வேண்டும், அஞ்சு மணிக்கே ஆரம்பித்துச் சுட்டு அடுக்கி மூடிவைத்தால் ஏழு மணிக்கு அது தோல். வாலிபப் பிள்ளைகளே இழுத்துப் பிய்க்க வேண்டும். சுகருக்குச் சப்பாத்தி என்று யார் எழுதிவைத்தார்களோ தெரியவில்லை. அரிசியும் மாவுச்சத்து, கோதுமையும் மாவுச்சத்து. அளவோடு குழைந்த சோறும் பருப்பும் போட்டால் அவ்வளவும் உள்ளே போகும்.

உப்பு. ஒரு உண்மை சொல்லட்டுமா? 60 பேரில் பிரஷர்க்காரர் இருபது பேர் என்றால் இருபது பேருக்குத் தனிப் பாத்திரம் வைக்க ஆள் கிடையாது. மொத்தத்துக்கும் உப்பைக் குறைத்துவிடுவோம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது சும்மா சொன்னதில்லை. சாப்பாடு வாளிக்குப் போகும், அப்புறம் அந்தப் பெரியவர்கள் தலையணைக்கு அடியில் ஊறுகாய் பாட்டிலை ஒளித்துவைத்துக்கொள்வார்கள். நானே எத்தனை பேருக்கு வாங்கிக்கொடுத்திருக்கிறேன்.

பருப்பு. நான் சேர்ந்தபோது ஆளுக்கு 40 கிராம் துவரம்பருப்பு, 60 பேருக்கு 2 கிலோ 400. விலை ஏறினதும் ஒன்றரைக் கிலோ ஆனது, மீதிக்குப் பரங்கிக்காயும் தண்ணீரும். குழம்பு கெட்டியாகத் தெரிய அரிசி மாவு கரைத்து விடுவோம். பலகையில் அன்றைக்கும் சாம்பார்தான் இன்றைக்கும் சாம்பார்தான். அதனால் உங்கள் இல்லத்தில் "என்ன போடறீங்க" என்று கேட்காதீர்கள். "ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பருப்பு, எத்தனை லிட்டர் பால், எத்தனை பேர்" என்று கேளுங்கள். வகுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சோறு போடும்போது பருப்பையும் நெய்யையும் முதலில் போடச் சொல்லுங்கள். ரசத்தை முதலில் ஊற்றினால் வயிறு தண்ணீரில் ரொம்பிவிடும், அதற்கப்புறம் கறி எங்கே இறங்கும்? தயிர்ச்சோற்றில் பால் ஊற்றிப் பிசைந்து, பால் பவுடர் இரண்டு ஸ்பூன் கலந்தால் ருசியே மாறாது. கஞ்சி என்றால் வெறும் நொய்க்கஞ்சி வேண்டாம், பாதிக்குப் பாதி பாசிப்பருப்பு போட்டுக் குழையவிட வேண்டும். டீக்குப் பிஸ்கட்டுக்குப் பதில் பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் பொடித்து, கொஞ்சம் நெய்விட்டுப் பிடித்த உருண்டை. அம்மா முட்டை சாப்பிடுவார்களா? சாப்பிட்டால் வேலை பாதி முடிந்தது.

கடைசியாக ஒன்று. மேலாளரிடம் போகாதீர்கள். நேரே சமையல்கட்டுக்குப் போய், "எங்கம்மா உங்க ரசத்தைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருக்காங்க அண்ணே" என்று ஒரு பொய் சொல்லுங்கள். பதினொரு வருடத்தில் என்னிடம் வந்து அப்படிச் சொன்னவர்கள் மூன்று பேர். அந்த மூன்று பேருடைய அப்பா அம்மாவுக்கு நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்துப்பாருங்கள்.

---

ஒளிவுமறைவில்லை எழுதியது:

இவ்வளவு அக்கறை இருக்கிறவர் அம்மாவை வீட்டில் வைத்துப் பார்த்திருக்கலாமே. பெற்ற தாய்க்குச் சோறு போட 24,000 கொடுத்து ஆள் வைத்துவிட்டுப் பருப்பு எத்தனை கிராம் என்று கணக்கு கேட்கிறீர்கள்.

---

நொய்யல்கரை எழுதியது:

ஐயா, இதை நான் எனக்கே நூறு முறை சொல்லியாகிவிட்டது. என் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. காலை எட்டு மணிக்கு நானும் கணவரும் கிளம்பினால் இரவு எட்டு. அம்மா வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டு, "இது கோழிக்கூண்டு, என்னைக் கொண்டுபோய் நாலு மனுசர் மூஞ்சி தெரியற இடத்துல விடு" என்று சொன்னதும் அவர்தான். இதற்கு மேல் இதைப் பற்றி இங்கே பேசவில்லை.

தராசு, கோட்டையடுப்பு இருவருக்கும் நன்றி. பல்செட்தான், ஒன்பது வருடத்துக்கு முன் கட்டியது. சனிக்கிழமை போகிறேன். முட்டை சாப்பிடுவார், ஆனால் இல்லம் சைவம்.

---

இரவுப்பணி எழுதியது:

அக்கா, நான் யாழ்ப்பாணம், இப்ப மெல்பேர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை, எட்டு வருசமாக. கூடுதலும் இரவு ஷிஃப்ட். மேலே ஒருவர் எழுதினதை மனதில் வைக்காதையுங்கோ.

வெளிநாட்டில் எல்லாம் நல்லாக நடக்குது என்று நினைக்க வேண்டாம். இங்கே முதியோர் பராமரிப்பைப் பற்றி அரச விசாரணை ஆணைக்குழு ஒன்று இருந்து 2021-ல் அறிக்கை கொடுத்தது. ஒரு ஆளின் ஒரு நாள் சாப்பாட்டுச் சாமானுக்கு 6 டொலர் அளவில்தான் இல்லங்கள் செலவழிக்குது என்று வெளியே வந்தபோது நாடே கத்தினது. என் பிள்ளையின் ஒரு நேரச் சாப்பாட்டுக்கே அது காணாது. அதுக்குப் பிறகுதான் அரசாங்கம் ஆளுக்கு நாளுக்கு 10 டொலர் கூட்டிக் கொடுத்தது.

ஆனால் இதே மாநிலத்தில் நடந்த ஒரு நல்ல ஆராய்ச்சியும் இருக்கு. 60 இல்லங்கள், 7,000-க்கு மேற்பட்ட ஆட்கள், சராசரி வயசு 86. பாதி இல்லங்களில் வழமையான சாப்பாடு. மற்றப் பாதியில் பால், தயிர், சீஸ் இதுகளைக் கூட்டினார்கள், மருந்து ஒன்றும் புதுசாகக் கொடுக்கவில்லை. இரண்டு வருசத்தில் எலும்பு முறிவு 33 சதவீதம் குறைவு, இடுப்பெலும்பு முறிவு 46 சதவீதம் குறைவு, விழுகிறதும் 11 சதவீதம் குறைவு. பாலும் தயிரும், அவ்வளவுதான். உங்கட அம்மாவுக்கு ஏற்கெனவே மணிக்கட்டு உடைஞ்சிருக்கு. சைவ இல்லம் என்றால் பால்தான் உங்கட முட்டை.

இன்னொன்று. கண் காட்டப் போனதாக எழுதியிருக்கிறீங்கள், என்ன சொன்னார்கள்? கண்புரை என்றால் தட்டை மாத்துங்கோ. வெள்ளைத் தட்டில் வெள்ளை இட்லி, சில்வர் தட்டில் மோர்ச்சோறு, மேலே டியூப்லைட் வெளிச்சம். அவைக்கு எங்கே சோறு முடியுது, எங்கே தட்டு தொடங்குது என்று தெரியாது. பாஸ்டனில் 2004-ல் அல்சைமர் வந்தவர்களுக்குக் கடும் சிவப்புத் தட்டும் கோப்பையும் கொடுத்துப் பார்த்ததில் சாப்பாடு 25 சதவீதம் கூடினது, குடிக்கிறது 84 சதவீதம் கூடினது. எங்கட ஆட்கள் வாழையிலையில் சோறு போட்டது எவ்வளவு வசதி பாருங்கோ, பச்சையில் வெள்ளை.

கடைசியாக, இரவு வேலைக்காரியாக ஒன்று கேட்கிறேன். பின்னேரத்துக்குப் பிறகு அம்மா தண்ணி குடிக்கிறாவா? இரவில் எத்தனை தரம் எழும்புறா, ஆர் கூட்டிக்கொண்டு போகினம்? இதைத் தனிய இருக்கேக்க கேளுங்கோ. ஆட்கள் நிற்கேக்க சொல்ல மாட்டா.

---

நொய்யல்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

அதிகாலை சுகர் முதல் நாள் 88, இரண்டாம் நாள் 64. அந்த 64-ஐப் பார்த்த பிறகு எனக்குக் கை நடுங்கியது. அன்றைக்கே தம்பியின் நண்பருக்குத் தெரிந்த ஒரு மருத்துவரிடம் போனோம். கிளிமிபிரைடை நிறுத்திவிட்டார். மெட்ஃபார்மின் ஒரு வேளை மட்டும். பி12 நன்றாகக் குறைந்திருந்தது, ஊசி போடுகிறார்கள். தைராய்டு, கிரியாட்டினின், எக்ஸ்ரே எல்லாம் சரி. கெண்டைக்கால் 29.5. இடது ஈறில் தராசு சொன்ன மாதிரியே புண். பல் டாக்டர் பழைய பல்செட்டுக்கே உள்பக்கம் லைனிங் வைத்துக் கொடுத்திருக்கிறார், புதிது கட்ட இப்போது வேண்டாம், எடை நிலைக்கட்டும் என்றார். வலது கண்ணில் புரைதான், அறுவைக்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது இரவுப்பணி கேட்ட விஷயம். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை, தோன்றியிருக்காது.

முதல் முறை சனிக்கிழமை போனேன், கேட்டேன், "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று போயிற்று. அடுத்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போய் நின்றேன். ஏழு மணிக்குத் தட்டு வந்தது. மூன்று வாய் தின்றார், தட்டைத் தள்ளினார். பக்கத்துக் கட்டில் அம்மா டி.வி. பார்க்கப் போயிருந்தார். கதவைச் சாத்திவிட்டு, கட்டிலில் ஏறி உட்கார்ந்து, தலையில் எண்ணெய் வைத்துவிட்டுக்கொண்டே கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னார்: "ராத்திரிக்கு ஒரே ஆயா கண்ணு, பதினாலு பேருக்கு. முதல் தடவ கூப்பிட்டா நல்லாத்தான் வரும். மூணாவது தடவ கூப்பிட்டா உச்சு கொட்டுது. அதைக் குத்தம் சொல்லக் கூடாது, அதுக்கும் வூட்ல ரெண்டு புள்ளைங்க. நான் தின்னாத்தானே எந்திரிக்கோணும்?"

நாலு மணி டீக்குப் பிறகு அம்மா தண்ணீரே குடிப்பதில்லை. மாசிக்கு முன்னாலிருந்தே இப்படித்தானாம். இரவுச் சாப்பாட்டைக் குறைத்தது அதற்குத்தான். குறைத்துக் குறைத்து, பகலிலும் பசி விட்டுப்போயிற்று.

பசி குறைவது வயதால் என்றார் மேலாளர். நானும் பாதி நம்பினேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் போடுகிற கமோடு நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டேன், 3,000 ரூபாய்க்குள்தான். அம்மாவால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கி உட்கார முடிகிறது, காலையில் ஆயா கழுவி வைத்தால் போதும். அந்த ஆயாவிடமும் பேசினேன். 22 வயதுப் பெண், 12 மணி நேர ஷிஃப்ட். நாற்காலி வந்ததில் என்னைவிட அவளுக்குத்தான் சந்தோஷம். மேலாளரிடம் இரவுக்கு இன்னொரு ஆள் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்கிறார். கூட இருக்கும் மற்றவர்களின் பிள்ளைகள் நாலு பேர் நம்பர் வாங்கியிருக்கிறேன், சேர்ந்து கேட்டால் வேறு மாதிரி இருக்கும். அதுவும் நடக்காவிட்டால் 14567 முதியோர் உதவி எண்ணில் கேட்கலாம் என்று தம்பி சொன்னான். இப்போதைக்கு அது வரை போகவில்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மருத்துவர் இரவை விட்டுவிட்டுப் பகலை நிரப்பச் சொன்னார். காலை ஆறரைக்கே ஒரு டம்ளர் பாலும் ஒரு பொட்டுக்கடலை உருண்டையும். உருண்டையை நான் மாதத்துக்கு ஒரு டப்பா பிடித்து அனுப்புகிறேன், வெல்லம் பேருக்குத்தான். காலை டிபனோடு கடைந்த பாசிப்பருப்பு ஒரு கிண்ணம். மதியம் பருப்பும் நெய்யும் முதலில், ரசம் கடைசியில். நாலு மணிக்குக் கெட்டித் தயிர். மோர் கிடையாது. இரவு சப்பாத்தி நின்றது.

கோட்டையடுப்பு அண்ணன் சொன்ன பொய்யை அப்படியே போய்ச் சொன்னேன். சமையல்காரர் தேனிக்காரர், முகம் மலர்ந்துவிட்டது. எனக்கே வெட்கமாக இருந்தது. எங்கள் பக்கத்து அரிசிம்பருப்புச் சோறு வைப்பீர்களா என்று கேட்டேன். கேள்விப்பட்டிருக்கிறார், வைத்ததில்லை. சமையல்கட்டில் நின்று சொல்லிக்கொடுத்தேன்: அரிசிக்குப் பாதி துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் மிளகு, கறிவேப்பிலை தாளித்து ஒரே குக்கரில் குழைய விட வேண்டும். இப்போது வாரம் இரண்டு இரவு அதுதான், எல்லோருக்கும். எச்சில் வாளியைப் பார்த்தேன், அடியில்தான் கொஞ்சம் இருந்தது. கோவை டவுன்ஹால் கடைவீதியில் கரும்பச்சைத் தட்டு ஒன்று வாங்கினேன். இல்லத்துக்குப் பின்னால் நாலு வாழை நிற்கிறது என்பதை அப்புறம்தான் பார்த்தேன்.

பருப்புக் கணக்கும் கேட்டேன். 42 பேருக்கு ஒரு கிலோ. மேலாளர் பதில் சொல்லவில்லை, ஆனால் அடுத்த வாரம் சமையல்காரர் தானாகவே சொன்னார், ஒன்றரை ஆக்கியிருக்கிறார்களாம். இன்னும் போதாது. அடுத்த தடவை அதை எடுக்கிறேன்.

தராசு பேட்டரி 40 ரூபாய். நானே வாங்கிப் போட்டேன். முந்தாநாள் 46.3.

நேற்று போனில் அம்மா முதல் முறையாகச் சாப்பாட்டைக் குறை சொன்னார். அரிசிம்பருப்பில் பூண்டு பத்தவில்லையாம், தேனிக்காரனுக்கு என்ன தெரியும் என்கிறார்.

---

தராசு எழுதியது:

46.3 நல்ல எண்தான், ஆனால் முதலில் பார்த்தது ஆஸ்பத்திரித் தராசு, இது இல்லத்துத் தராசு. அதனால் இதையே முதல் எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். இனி அதே தராசு, காலையில் கழிப்பறை போய் வந்த பிறகு, சாப்பிடுமுன், பதினைந்து நாளைக்கு ஒருமுறை. நோட்டில் கட்டம் போட்டு நீங்களே தேதி எழுதிக்கொடுத்துவிட்டு வாருங்கள். கிளிமிபிரைடு நின்றதால் சர்க்கரை எந்தப் பக்கம் போகிறது என்று வாரம் இரண்டு முறை சாப்பாட்டுக்கு முன் பார்க்கட்டும். கண் அறுவைக்கு முன் எடையைக் கண் டாக்டரிடமும் சொல்லுங்கள்.

---

கோட்டையடுப்பு எழுதியது:

42 பேருக்குப் பூண்டு எத்தனை போட்டார் என்று கேட்டுச் சொல்லுங்கள். கால் கிலோவுக்குக் கீழே என்றால் அம்மா சொல்வது நியாயம்.